புளூமிங்டன் அணியின் கடைசி வாரங்கள்: 2024 பயணக் குறிப்புகள்

நவம்பர் 21, வியாழன். புளூமிங்டன்

இந்தியானா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி இந்தப் பருவத்தில் ஆடிய பத்து ஆட்டங்களிலும் வென்றிருக்கிறது. இதன் வியப்பு புரிய வேண்டுமானால், கல்லூரிக் கால்பந்தின் உயர்பிரிவில் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைக் கண்ட அணி இதுதான் என்பதையும், சென்ற ஆண்டு பன்னிரண்டு ஆட்டங்களில் மூன்றில் மட்டுமே வென்றது என்பதையும், ஒரே பருவத்தில் பத்து வெற்றி என்பது இதற்கு ஒருமுறைகூட வாய்த்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு முந்தைய உச்சம் ஒன்பது வெற்றிகள். அது 1945இலும் 1967இலும் கிட்டியது.

என் அக்காள் மகன் இங்கே முதுகலை படிக்கிறான். "மாமா, வருவதென்றால் நவம்பரில் வாருங்கள், இப்படியொரு ஆண்டு இவர்களுக்கு மறுபடி வருமா தெரியாது" என்று அவன் அக்டோபரில் சொன்னதன் விளைவுதான் இந்தப் பயணம். கூடைப்பந்தில் ஐந்து தேசியப் பட்டங்களை வென்ற பல்கலைக்கழகம் இது. கால்பந்து என்பது கூடைப்பந்துப் பருவம் தொடங்கும்வரை பொழுதைப் போக்குவதற்கான ஏற்பாடு என்றே ஊர் நெடுங்காலம் எண்ணி வந்திருக்கிறது.

பிற்பகல் முழுவதும் வளாகத்தில் நடந்தோம். இவ்வட்டாரக் குவாரிகளில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்தான் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கும் போனது என்பதால், கட்டடங்கள் எல்லாம் ஒரே வெளிர்சாம்பல் நிறத்தில் அழுத்தமாக நிற்கின்றன. கிர்க்வுட் சாலைக் கடைகளில் தொங்கிய சிவப்புப் பனியன்களில் பாதிக்கு மேல் கால்பந்து அணியுடையவை; ஓராண்டுக்கு முன் அவற்றைத் தேடித்தான் வாங்க வேண்டியிருந்தது என்கிறான் பையன். பலவற்றில் புதிய தலைமைப் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி சென்ற டிசம்பரில் செய்தியாளர்களிடம் சொன்ன சொற்களே அச்சாகியிருந்தன. வீரர்களை எப்படி நம்பவைத்து இங்கே வரச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு, "நான் வெல்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள்" என்றாராம் அவர். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் இப்போது பனியன் வாங்குகிறார்கள்.

மாலையில் மெமோரியல் மைதானத்தை வெளியிலிருந்து சுற்றிப் பார்த்தோம். வீரர்கள் களத்தில் இறங்கும் வழியில் ஒரு சுண்ணாம்புப் பாறை வைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவரும் அதைத் தொட்டுவிட்டே உள்ளே ஓடுகிறார்கள். 2005இல் பயிற்சியாளராக வந்த டெரி ஹெப்னர் தொடங்கிவைத்த வழக்கம் அது. அவர் 2007இல் மூளைப் புற்றுநோயால் இறந்தார். அவருக்குப் பின்னும் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பாறை இருக்கிறது, தொடும் வழக்கமும் இருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி. கொலம்பஸ், ஒஹையோ

புளூமிங்டனிலிருந்து வடக்கே ஏறி, இண்டியானாபொலிஸைத் தொட்டு, அங்கிருந்து கிழக்கே 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். இருபுறமும் அறுவடை முடிந்த சோள வயல்கள்; பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை என்பதால் பேச்சு முழுவதும் சிக்னெட்டியைப் பற்றியே போயிற்று.

அவருக்கு 63 வயது. தந்தை ஃபிராங்க் சிக்னெட்டியும் பெயர்பெற்ற பயிற்சியாளர். மகன் அலபாமாவில் நிக் சேபனிடம் துணைப் பயிற்சியாளராக இருந்து, அந்த அணி 2009 பருவத்தின் தேசியப் பட்டத்தை வென்றபோது உடனிருந்தவர். அத்தகைய இடத்தை 49ஆம் வயதில் விட்டுவிட்டு, 2011இல் பென்சில்வேனியாவில் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்குக் குறைந்த சம்பளத்தில் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். தந்தை பல்லாண்டுகள் பணியாற்றிய அதே கல்லூரி அது. அது இருக்கும் ஊரின் பெயரும் இந்தியானாதான் என்பது தற்செயல். அதன்பின் ஈலான், அதன்பின் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் மேடிசனில் ஐந்து பருவங்களில் 52 வெற்றி, 9 தோல்வி. எங்கே இருந்தாலும் ஒரு பருவத்தில்கூட அவருடைய அணி வெற்றியைவிட அதிகமாகத் தோற்றதில்லை.

இந்தியானா இந்த மாற்றத்துக்காகச் செலவழித்ததும் சிறிய தொகை அன்று. பழைய பயிற்சியாளர் டாம் ஆலனின் ஒப்பந்தத்தை முடித்துவைக்கவே 1 கோடியே 55 லட்சம் டாலர் ஆயிற்று. சிக்னெட்டிக்கு இம்மாதம் 16ஆம் தேதி, முதல் பருவம் முடிவதற்குள்ளாகவே, எட்டு ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே ஆண்டில் ஓர் அணி இப்படி மாறுவது எவ்வாறு என்று கேட்டால், புதிய பயிற்சியாளர் வீரர்களின் மனத்தை மாற்றினார், ஒழுக்கத்தைக் கொண்டுவந்தார் என்றுதான் தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வீரர்களின் மனம் மாறியதைவிட வீரர்களே மாறியதுதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பெல்லாம் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2021இல் அந்தத் தடை முதல் மாற்றத்துக்கு நீங்கியது. இவ்வாண்டு ஏப்ரலில் எத்தனை முறை மாறினாலும் தடையில்லை என்றாகிவிட்டது. தம் பெயரையும் படத்தையும் வைத்து வீரர்கள் பணம் ஈட்டலாம் என்ற விதியும் 2021 ஜூலையில் வந்தது. சிக்னெட்டி இந்தப் புதிய ஏற்பாட்டை முழுதாகப் பயன்படுத்தியவர். கல்யாணச் சமையலுக்கு ஒப்புக்கொள்ளும் தவசிப்பிள்ளை தம் ஆட்களோடும் அண்டா குண்டாவோடும் வந்து இறங்குவதைப் போல, ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பதின்மூன்று வீரர்களையும், தாக்குதலுக்குப் பொறுப்பான மைக் ஷானஹன், தற்காப்புக்குப் பொறுப்பான பிரையன்ட் ஹெயின்ஸ் ஆகிய துணைப் பயிற்சியாளர்களையும் கூடவே அழைத்துவந்தார். தற்காப்பின் மையத்தில் நிற்கும் எய்டன் ஃபிஷர், எதிரணியின் தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை விரட்டிப் பிடிக்கும் மிகைல் கமாரா, ஓரத்தைக் காக்கும் டீஆஞ்சலோ பாண்ட்ஸ், பந்தைத் தாவிப் பிடிக்கும் எலைஜா சாரட் எல்லாரும் அப்படி வந்தவர்கள். குவார்ட்டர்பேக் கர்ட்டிஸ் ரோர்க், கனடாவில் பிறந்து ஒஹையோ பல்கலைக்கழகத்தில் பல பருவங்கள் ஆடிய பிறகு கடைசி ஆண்டுக்கு மட்டும் இங்கே வந்தவர்.

"அப்படியானால் இது இந்தியானா அணியா, ஜேம்ஸ் மேடிசன் அணியா?" என்று கேட்டேன். "ஜெயிக்கும்வரை இந்தியானா அணிதான், மாமா" என்றான்.

நவம்பர் 23, சனி. கொலம்பஸ்

தரவரிசையில் ஐந்தாம் இடத்திலிருக்கும் இந்தியானா, இரண்டாம் இடத்திலிருக்கும் ஒஹையோ ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்தில் இன்று சந்தித்தது. 1988க்குப் பிறகு இந்தியானா இந்த அணியை வென்றதில்லை. இதுவரை பெற்ற பத்து வெற்றிகளில் பெரும்பாலானவை பலவீனமான அணிகளுக்கு எதிரானவை என்ற குறையும் இருந்தது. நடப்புத் தேசியச் சாம்பியனான மிச்சிகனை நவம்பர் 9 அன்று 20–15 என்று வென்றது உண்மைதான். ஆனால் மிச்சிகன் இவ்வாண்டு தளர்ந்துபோன அணி.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு குறிப்பு: பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். மூன்று முயற்சிகளில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவது வழக்கம். அந்த உதைக்குப் பன்ட் என்று பெயர். எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் டச்டவுன், ஆறு புள்ளிகள். அதையடுத்த சிறு உதைக்கு ஒன்று. களத்திலிருந்து கம்பங்களுக்கிடையே உதைத்தால் மூன்று.

மைதானம் 1922இல் கட்டப்பட்டது, குதிரைலாட வடிவம், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டம். ஒஹையோ ஸ்டேட்டின் பேண்டு வாத்தியக் குழு களத்தில் வரிசையாக நடந்தபடியே தங்கள் மாநிலத்தின் பெயரைக் கூட்டெழுத்தில் எழுதி முடிக்க, பெரிய பித்தளைக் குழல் ஒன்றைத் தோளில் சுற்றியிருந்தவர் கடைசியில் துள்ளி நடந்துவந்து ஓர் எழுத்தின் மேல் புள்ளியாக நின்று இருபுறமும் குனிந்து வணங்கினார். நாங்கள் எதிரணிச் சட்டைகளில் இருந்தபோதும் எழுந்து கைதட்டினோம்.

முதலில் புள்ளி எடுத்தது இந்தியானாதான். முதல் முறை பந்து கைக்கு வந்ததுமே பொறுமையாகக் களம் முழுவதும் நகர்ந்து 7–0 என்று முன்னேறியது. எங்கள் மூலையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். அதற்குப் பின் ரோர்க்குக்கு நேரமே கிடைக்கவில்லை. பந்து கைக்கு வந்து, நிமிர்ந்து பார்த்து, எறிய வேண்டிய ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் முன்வரிசை சரிந்து எதிராளிகள் அவர்மேல் விழுந்தார்கள். ஐந்து முறை வீழ்த்தப்பட்டார். பலவீனமான அணிகளை இந்தப் பருவம் முழுவதும் நிதானமாகக் கலைத்துவந்த அந்தக் கை, 18 முறை எறிந்ததில் 8 மட்டுமே போய்ச் சேர்ந்தன. மொத்தம் 68 கெஜம்.

ஆட்டம் கைமாறியது அடுத்தடுத்த இரண்டு பன்ட்களில். இடைவேளைக்குச் சற்று முன், ஆட்டம் 7–7 என்று இருந்தபோது, இந்தியானாவின் பன்ட் உதைப்பவர் பின்னோக்கி வந்த பந்தைக் கைநழுவவிட்டு, எடுத்து ஓட முயன்று, தம் எல்லைக்கு மிக அருகிலேயே பிடிபட்டார். ஒஹையோ ஸ்டேட் அதை உடனே டச்டவுன் ஆக்கிக்கொண்டது. இடைவேளை முடிந்து ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் இன்னொரு பன்ட். அதைப் பிடித்த கேலிப் டவுன்ஸ் 79 கெஜம் ஓடி எல்லையைத் தொட்டார். அவர் ஓடிய வழியில் இந்தியானா வீரர்கள் நெருங்கிப் போனார்களே தவிர ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. முடிவு 38–15.

வீரர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துவிடலாம். ஆனால் இரு முன்வரிசைகள் மோதும் அந்த நெருக்கமான இடத்தில் நூற்றைம்பது கிலோ எடைகொண்ட இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் வளர்த்துவரும் அணிக்கும் ஓராண்டில் கூட்டிய அணிக்கும் உள்ள வேறுபாடு இன்று கண்ணுக்குத் தெரிந்தது. தாக்குதல், தற்காப்பு இரண்டுக்கும் நடுவே வரும் பன்ட் போன்ற சில நொடி வேலைகளில்தான் அந்த வேறுபாடு முதலில் வெளிப்பட்டது என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

திரும்பும் வழியில் காரில் வானொலி. இந்தியானா பன்னிரண்டு அணிகள் ஆடும் தேசிய இறுதிச்சுற்றுக்குத் தகுதியானதா என்று நான்கு மணி நேரமும் வாதாடினார்கள். இச்சுற்று இதுவரை நான்கு அணிகளுக்கானது. இவ்வாண்டுதான் பன்னிரண்டாக விரிந்திருக்கிறது. பையன் ரிச்மண்ட் ஊரைத் தாண்டியதும் வானொலியை அணைத்துவிட்டான்.

நவம்பர் 28, வியாழன். புளூமிங்டன்

நன்றியறிதல் நாள். மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டதால் கிர்க்வுட் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. செவ்வாயன்று வந்த தரவரிசையில் இந்தியானா பத்தாம் இடத்துக்கு இறங்கியிருக்கிறது. பன்னிரண்டுக்குள் இருக்கிறது என்றாலும் இனி இடறுவதற்கு இடமில்லை.

நவம்பர் 30, சனி. புளூமிங்டன்

இன்று பர்டூ. மாநிலத்தின் இரு பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இந்த ஆட்டத்தின் பரிசு ஒரு பழைய கிணற்று வாளி. ஓக் மரத்தில் செய்த அந்த வாளிக்காக 1925 முதல் இரு அணிகளும் ஆடுகின்றன. வென்ற அணியின் முதலெழுத்து வடிவிலான வெண்கலக் கண்ணி ஒவ்வோர் ஆண்டும் வாளியின் சங்கிலியில் சேர்கிறது. முதல் ஆட்டமே 0–0 என்று சமனாகிவிட்டதால், முதல் கண்ணியில் இரண்டு எழுத்துகளும் இணைந்தே இருக்கின்றன. கடந்த மூன்று ஆண்டுகளும் பர்டூவின் கண்ணிகளே சேர்ந்தன.

மதியம் பையனின் நண்பர்களுடைய அறையில், கொலம்பஸில் நடந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். போன வாரம் இந்தியானாவை நசுக்கிய ஒஹையோ ஸ்டேட் அதே மைதானத்தில் தளர்ந்த மிச்சிகனிடம் 13–10 என்று தோற்றது. அறையில் எழுந்த கூச்சலுக்கு எதிர்வீட்டு நாய் நெடுநேரம் குரைத்தது.

ஆட்டம் இரவு ஏழு மணிக்கு. ஹீட்டர் வைத்த கடையோர வாசலிலிருந்து மைதானம்வரை நடப்பதற்குள் காதுமடல் மரத்துப்போகும் குளிர். செப்டம்பரில் இதே அரங்கில் ஆளில்லாத இருக்கைகள் நிறைய இருந்தன என்றும், அக்டோபர் 19இல் நெப்ராஸ்காவை 56–7 என்று துவைத்தபோதுதான் கூட்டம் நிரம்பி வழிந்தது என்றும் பையன் சொல்லிக்கொண்டு வந்தான். எங்களுக்கு முன்வரிசையில் எழுபது வயதைக் கடந்த தம்பதியர். 1967 அணி பருவ முடிவில் நடக்கும் புகழ்பெற்ற ரோஸ் பவுல் ஆட்டத்துக்குப் போனபோது இருவரும் இங்கே மாணவர்களாம். இத்தனை ஆண்டுகளும் இந்த இருக்கைச் சீட்டை விடாமல் புதுப்பித்து வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் மூன்றாம் கால்பகுதியிலேயே வீட்டுக்குப் போய்விடுவோம் என்று அந்த அம்மாள் கூச்சமில்லாமல் சொன்னார்.

இன்று அவர்கள் போகவில்லை. 66–0. வாளிக்காக ஆடத் தொடங்கிய பின் இந்தியானா பெற்ற மிகப்பெரிய வெற்றி இது. ரோர்க் மட்டும் ஆறு டச்டவுன்களுக்குப் பந்தை எறிந்தார். போன சனிக்கிழமை காணாமல் போயிருந்த நேரம் இன்று அவருக்குத் தாராளமாகக் கிடைத்தது. இவ்வளவு பின்தங்கிய அணியை இப்படி அடிக்க வேண்டுமா என்று ஒரு கட்டத்தில் எனக்கே தோன்றியது. ஆனால் பன்னிரண்டு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவினர் புள்ளி இடைவெளியையும் பார்க்கக்கூடும் என்னும்போது, இரக்கம் காட்டும் வசதி சிக்னெட்டிக்கு இல்லை. பர்டூவின் பருவம் 1–11 என்று முடிந்தது. இந்தியானா 11–1.

(மறுநாள் சேர்த்தது: பர்டூ தன் பயிற்சியாளர் ரயன் வால்டர்ஸை இன்று நீக்கிவிட்டது. புளூமிங்டனில் ஓராண்டுக்கு முன் நடந்தது இப்போது மாநிலத்தின் மறுகோடியில் நடக்கிறது.)

டிசம்பர் 8, ஞாயிறு

தேர்வாகிவிட்டது. பத்தாம் இடம், முதல் சுற்று ஏழாம் இடத்திலிருக்கும் நோட்டர் டேமுடன், டிசம்பர் 20 அன்று, அவர்கள் மைதானத்தில். விரிவாக்கப்பட்ட இறுதிச்சுற்றின் முதல் ஆட்டமே அதுதான். இதே மாநிலத்தின் வடக்கு எல்லையில் இருக்கும் ஊர் என்பதால் என் திரும்புபயணச் சீட்டை ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அக்காள் தொலைபேசியில் திட்டினாள்.

டிசம்பர் 20, வெள்ளி. சவுத் பெண்ட்

31ஆம் எண் சாலையில் வடக்கே ஏறத்தாழ 320 கிலோமீட்டர். கொகோமோ தாண்டியதும் சாலையில் கொடி கட்டிய கார்கள் பெருகின. பெட்ரோல் போட நின்ற இடத்தில் சிவப்புச் சட்டைக்காரர்களும் நோட்டர் டேமின் நீலச் சட்டைக்காரர்களும் ஒரே காப்பி வரிசையில் சண்டையின்றி நின்றார்கள்.

நோட்டர் டேம் வளாகத்தில், மைதானத்துக்கு நேர் எதிரே நூலகச் சுவரின் உயரத்தில் பெரும்பகுதியை நிறைத்து, இரு கைகளையும் உயர்த்திய இயேசுவின் ஓவியம் இருக்கிறது. கால்பந்து நடுவர் டச்டவுன் என்று அறிவிக்க இரு கைகளையும் அப்படித்தான் தூக்குவார் என்பதால், அதற்கு இவர்கள் டச்டவுன் ஜீசஸ் என்றே பெயரிட்டுவிட்டார்கள். பக்தியும் ஆட்டமும் இங்கே அவ்வளவு கலந்திருக்கின்றன.

இரவு எட்டு மணி, உறைநிலைக்குக் கீழே குளிர். தொடக்கத்தில் சில நிமிடங்கள் எல்லாம் இந்தியானாவின் பக்கம் இருந்தன. பாண்ட்ஸ் எதிரணியின் எறிதலைப் பறித்தார். அணி எல்லைக்கு அருகே நகர்ந்தது. அங்கே ரோர்க் எறிந்த பந்தை சேவியர் வாட்ஸ் பறித்துக்கொண்டார். நோட்டர் டேம் தன் எல்லைக்கு இரண்டு கெஜம் முன்னால் இருந்து தொடங்க வேண்டியிருந்தது. அடுத்த முயற்சியில் ஜெரமையா லவ் பந்தை வாங்கி வலப்புறத்தில் பிளந்த ஒரு சந்துக்குள் நுழைந்தார், வெளியே வந்தபோது எதிரே ஆளில்லை, 98 கெஜமும் ஓடிவிட்டார். நாங்கள் அமர்ந்திருந்த மூலையில் அவர் ஓட ஓட ஒவ்வொரு வரிசையாக ஓசை அடங்கியது. இடைவேளையில் 17–3.

நான்காம் கால்பகுதியில் 20–3 என்று பின்தங்கியிருந்தபோது, நடுக்களத்தை ஒட்டிய நான்காம் முயற்சியில் சிக்னெட்டி பன்ட் உதைக்கச் சொன்னார். பதினேழு புள்ளிகள் பின்தங்கி, நேரம் கரைந்துகொண்டிருக்க, பந்தை வலியக் கொடுப்பது எனக்குப் புரியவில்லை. கூகுளில் தேடிப் பாருங்கள் என்று சொன்ன மனிதர் அந்த இடத்தில் துணிந்திருக்க வேண்டும். பையன் அவருக்காக வாதாடினான்: தாக்குதல் நகரவே இல்லை, தற்காப்பை நம்புவதுதான் முறை என்றான். கடைசி நிமிடங்களில் இரண்டு டச்டவுன்கள் வந்தன, 27–17. அந்தக் கணக்கு ஆட்டத்தை அது இருந்ததைவிட நெருக்கமாகக் காட்டுகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு. புளூமிங்டன்

நேற்றுக் காலை தொலைக்காட்சியில் எல்லாரும் இந்தியானாவைச் சேர்த்தது பிழை என்றார்கள். இரவு முடிவதற்குள் பென் ஸ்டேட்டிடம் எஸ்.எம்.யூ. 38–10 என்றும், டெக்சஸிடம் கிளெம்சன் 38–24 என்றும், ஒஹையோ ஸ்டேட்டிடம் டென்னசி 42–17 என்றும் தோற்றன. முதல் சுற்றில் தோற்ற நான்கு அணிகளில் மிகக் குறைந்த இடைவெளியில் தோற்றது இந்தியானாதான் என்பதைப் பையன் எனக்கு இருமுறை சொல்லிக் காட்டினான். கடைசி நிமிட டச்டவுன்களை நான் நினைவூட்டினேன். அவன் காதில் வாங்கவில்லை.

11–2 என்று பருவம் முடிந்தது. ரோர்க்குக்கு இனிக் கல்லூரியில் ஆடும் தகுதி இல்லை. ஓராண்டுக்கு மட்டும் வந்த மற்றவர்களும் போய்விடுவார்கள். கட்டிய வேகத்திலேயே கலைவதும் இந்த முறையின் இயல்புதான். அணி மாற விரும்பும் வீரர்களுக்கான காலம் இம்மாதம் 9ஆம் தேதியே தொடங்கிவிட்டது, 28 வரை திறந்திருக்கிறது. தோல்வி முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. பையனும் அவன் நண்பர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எந்தக் கல்லூரியிலிருந்து எந்தக் குவார்ட்டர்பேக் வரக்கூடும், கொலம்பஸில் சரிந்த முன்வரிசைக்கு யாரை எடுக்கலாம் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முன்வரிசைக்குத்தான் முதலில் ஆள் எடுக்க வேண்டும் என்றேன். குவார்ட்டர்பேக்குக்கு அடுத்தபடியாக அதையும் எழுதிக்கொண்டார்கள்.